கை நீளம் போதவில்லை!

ஊசியில் நூல் நுழையவில்லை.

அந்த அம்மாள் நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்குகிறார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குத்திப் பார்க்கிறார். நூல் ஊசிக்குப் பக்கத்தில் போகிறது. மறுபடியும் குத்துகிறார். மறுபடியும் அதே கதை!

மருமகள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

"இங்கே குடுங்க அத்தை, நான் கோத்துத் தாரனுங்க" என்கிறாள்.

ஒரே தடவையில் நூல் நுழைந்துவிட்டது!

ஊசியைத் திரும்ப வாங்கும்போது, அந்த அம்மாளின் மனதில் ஏதோ குத்துகிறது. "நமக்கு வயசாகிவிட்டதோ?"

சொல்லாமல் வரும் விருந்தாளி

முதுமை, வருகிறேன் என்று தபால் போட்டுவிட்டு வருவதில்லை. இப்படித்தான் திடீரென்று வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறது.

சேலத்தில் ஒருவர் பஸ் ஏறுகிறார். கல்லூரி மாணவன் ஒருவன் எழுந்து, "உட்காருங்க பெரியவரே" என்கிறான். உட்கார இடம் கிடைத்தது. ஆனால் மகிழ்ச்சி இல்லை! "பெரியவரா? யாரைச் சொல்கிறான்?" என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறார்.

முடி வெட்டும் கடையில் மடியில் விழுந்த முடியைப் பார்க்கிறார் இன்னொருவர். கறுப்பை விட வெள்ளை அதிகம்!

இதையெல்லாம் சிரித்துவிட்டு மறந்துவிடலாம். நரைக்குச் சாயம் இருக்கிறது. ஆனால் கண் மங்குவது அப்படி அல்ல. கை வேலை செய்து பிழைப்பவருக்கு அது சோற்றில் கை வைக்கும் விஷயம்.

ஒரு சாண், ஒரு முழம்

நம் கண்ணுக்குள் சிறிய லென்ஸ் ஒன்று இருக்கிறது. தூரத்தில் இருப்பதைப் பார்க்கும்போது அது தட்டையாக இருக்கும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போது உருண்டு கொடுக்கும். இளமையில் அது மிக மிருதுவானது.

வயது ஏற ஏற என்ன ஆகிறது? இளநீர் வழுக்கை முற்றித் தேங்காய் ஆவது போல, அந்த லென்ஸும் சிறிது சிறிதாக இறுகுகிறது. பிறகு எளிதில் உருண்டு கொடுக்காது.

10 வயதுப் பையன் புத்தகத்தை 4 விரற்கடை தூரத்தில் வைத்தும் படித்துவிடுவான். 40 வயதில் ஒரு சாண் தூரமாவது வேண்டும். 50 வயதில் ஏறக்குறைய ஒரு முழம்! அதற்குப் பிறகு கை நீளமே போதாது.

கறுப்பு எழுத்து வெளுத்துத் தெரிகிறது. இதைத்தான் நம் பெரியவர்கள் 'வெள்ளெழுத்து' என்றார்கள். 'சாளேசுரம்' என்றும் ஒரு பெயர் உண்டு.

இது வியாதி அல்ல. ஏழை, பணக்காரர், படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இதற்கு இல்லை. 40 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் இது வரும்.

கையை நம்பிப் பிழைக்கும் சீமை

சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போன ஊர். வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் உட்கார்ந்து, சின்னஞ்சிறு கண்ணியைக் கண்ணியோடு சேர்த்துப் பற்றவைக்கிறார்கள். கண் கொஞ்சம் ஏமாற்றினாலும் கண்ணி விலகிவிடும்.

இளம்பிள்ளையில் சேலை நெசவு. பாவில் ஓர் இழை அறுந்தால், அதைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். தலைமுடி போன்ற இழை அது!

நாமக்கல் லாரிகளுக்குப் பேர் பெற்றது. டிரைவருக்கு அரை மைல் தூரத்தில் வரும் வண்டி தெளிவாகத் தெரிகிறது. கையில் இருக்கும் சரக்குச் சீட்டு மட்டும் தெரியவில்லை! கிளீனர் பையனைக் கூப்பிட்டு, "இதைப் படிடா" என்கிறார்.

பலர் இதை வெளியே சொல்வதில்லை. "கை ஓயவில்லை, கண் ஓய்ந்துவிட்டது" என்று மனதுக்குள் நினைத்து, வேலையைக் குறைத்துக்கொள்கிறார்கள். கூலியும் குறைகிறது.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. பக்கத்துப் பார்வைக்குக் கண்ணாடி தேவைப்பட்டும் அது கிடைக்காதவர்கள் உலகில் 82 கோடிக்கும் மேல் என்று, உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

கண்ணாடி தந்த கூலி

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் 2017ஆம் ஆண்டு ஒரு சோதனை நடந்தது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சோதனை முடிந்த பிறகு கொடுத்தார்கள்.

என்ன நடந்தது? கண்ணாடி போட்டவர்களின் தேயிலைப் பறிப்பு, போடாதவர்களை விட 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது!

வங்காள தேசத்திலும் இதே போல் ஒரு சோதனை. அதன் முடிவு 2024இல் வெளிவந்தது. சாதாரணப் படிப்புக் கண்ணாடி பெற்ற ஏழைத் தொழிலாளர்களின் வருமானம், 8 மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது.

கண்ணாடி போட்டால் கண் கெடுமா?

கெடாது! கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் இறுகத்தான் செய்யும். போட்டால் வேலை ஓடும். போடாவிட்டால் தலைவலிதான் மிச்சம்.

நல்ல வெளிச்சத்தில் வேலை செய்வதும் அவசியம். வயதான கண்ணுக்கு இளம் கண்ணை விட அதிக வெளிச்சம் வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தூரத்துப் பார்வையும் மங்கினால் அது கண்புரையாக இருக்கலாம். கண் நீர் அழுத்த நோய் வலி இல்லாமல் வந்து பார்வையைத் திருடும். நீரிழிவும் கண்ணைக் கெடுக்கும். ஆகவே 40 வயதானதும் ஒரு முறை டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிட வேண்டும்.

58 வயதில் ஆரம்பம்!

டாக்டர் கோ. வெங்கடசாமியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். இளம் வயதிலேயே மூட்டுவாதம் அவருடைய விரல்களைக் கோணச் செய்தது. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். கண் அறுவை சிகிச்சையில் வல்லவரானார்.

1976இல் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வயது 58. வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாரா? இல்லை! அதே ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு கண் ஆஸ்பத்திரி தொடங்கினார். அதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. 2006இல் அவர் மறைவதற்குள் அது உலகப் புகழ் பெற்றுவிட்டது.

வயதாவதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் வயதாகிவிட்டது என்று வேலையைக் கீழே வைக்க வேண்டியது இல்லை.

இதோ, அந்த அம்மாள் மூக்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் ஊசி. மருமகள் உதவிக்கு வருகிறாள்.

"வேண்டாம் கண்ணு, நானே கோத்துட்டேன்" என்கிறார் அத்தை!