தன்னியக்கச் சொடுக்கியும் தாள் புரட்டும் கையும்

திருகோணமலைத் துறைமுகத்தின் உழைப்பு வரலாற்றை ஆராய முற்படுவோரின் கண்ணிற்படுவன பெரும் பொறிகளே. 1957 ஒக்ரோபர் வரை பிரித்தானியக் கடற்படை வசமிருந்த கப்பற்றளம், சீனன்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள், பின்னெழுந்த மா ஆலை, சீமெந்து ஆலை என்பன அத்தகையன. இவற்றின் அருகே, மேசைக் கணனியில் இயங்கும் சிறு மென்பொருளொன்று ஆய்வுக்குரிய பொருளாகுமா என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆயினும், இந்நகரின் இளைஞர் சிலருக்கேனும் இன்று வாய்க்கும் வேலை மூடை சுமப்பதன்று. திரைமுன் அமர்ந்து ஒரே பொத்தானை நாள் முழுதும் அழுத்துவதாகும்.

ஓட்டோ கிளிக்கர் என வழங்கும் இம்மென்பொருளைத் தன்னியக்கச் சொடுக்கி எனலாம். சுட்டியின் பொத்தானை மனித விரல் அழுத்தும்போது, அச்செய்தி முதலில் இயங்குதளத்தைச் சென்றடைந்து, அங்கிருந்தே உரிய மென்பொருளுக்கு அனுப்பப்படுகின்றது. தன்னியக்கச் சொடுக்கி விரலின்றியே அச்செய்தியை இயங்குதளத்திடம் ஒப்படைக்கின்றது. பெறும் மென்பொருள்களுட் பெரும்பாலானவை இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. எத்தனை மில்லிசெக்கனுக்கு ஒருமுறை சொடுக்குவது, இடப்பொத்தானா வலப்பொத்தானா, எத்தனை தடவை, திரையின் எவ்விடத்தில் என்பவற்றைப் பயன்படுத்துவோர் நிரப்புதல் வேண்டும். தொடங்கவும் நிறுத்தவும் ஒரு விசை உண்டு. பலவற்றில் அது எஃப் 6 ஆகும். விண்டோஸில் நிருவாகி அதிகாரத்துடன் திறக்கப்பட்ட சாளரத்தினுள் சாதாரண அதிகாரத்தில் இயங்கும் சொடுக்கி செல்லுபடியாகாது. "ஏன் வேலை செய்யவில்லை" என்று திகைப்போர் முதலில் நோக்கவேண்டியது இதனையே.

இக்கருவி குருடானது என்பது மறக்கற்பாலதன்று. அது அறிந்தது திரையின் ஓரிடத்தை மட்டுமே; அவ்விடத்தில் இருப்பது யாதென அறியாது. சாளரம் சற்று நகர்ந்தால், "சேமி" என்பதற்குப் பதிலாக "அழி" என்பதும் அதற்கு ஒன்றே. எனவே இடைவெளியைத் தாராளமாக விடுதலும், தடவைகளை எண்ணால் வரையறுத்தலும், நிறுத்தும் விசையை முன்கூட்டியே பரீட்சித்தலும் அவசியமாம்.

சுட்டியை டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 இல் சான் பிரான்சிஸ்கோவில் பகிரங்கமாக இயக்கிக் காட்டியபோது, மனித அறிவாற்றலைப் பெருக்குங் கருவியாகவே அதனைக் கருதினார். அக்கருவி எவர் கையில், எவ்வுறவுகளுக்குள் இயங்குகின்றது என்பது வேறு வினா. இதனை நான் உணர்ந்தது பழைய சஞ்சிகைகளை எண்ணிமப்படுத்தும் பணியொன்றிலாகும். நூலகம் திட்டம் 2005 இல் தொடங்கியதன் பின்னர் ஈழத்து ஏடுகளை வருடிப் பேணுதல் ஓர் இயக்கமாகவே வளர்ந்துள்ளமை வாசகர் அறிந்ததே. நான் குறிப்பிடும் நிலையம் அதனோடு தொடர்பற்ற, கூலிக்கு வேலை செய்விக்கும் ஓரிடம். ஒரு கை தாளைப் புரட்ட, மறு கை "வருடு" என்னும் பொத்தானைச் சொடுக்கவேண்டியிருந்தது. 20 செக்கனுக்கு ஒருமுறை தானே சொடுக்குமாறு நான் அமைத்துக் கொடுத்தேன். பணியாற்றிய பெண்ணின் வலக்கை ஓய்வு பெற்றது. மணிக்கு 180 வருடல்கள் கிடைத்தன. அவருக்கும் மகிழ்ச்சி, எனக்குஞ் சற்றுப் பெருமை.

அடுத்த வாரம் இடைவெளி 12 செக்கனாகக் குறைக்கப்பட்டிருந்தது. மணிக்கு 300. கூலி பழையபடி நாட்கூலியே. இப்போது அவர் பொறியை இயக்கவில்லை. பொறியின் தாளத்துக்கு அவர் தாளைப் புரட்டினார். கைத்தொழிலில் தொழிலாளி கருவியைப் பயன்படுத்துகின்றான், ஆலையிலோ பொறி அவனைப் பயன்படுத்துகின்றது என்று மார்க்ஸ் 1867 இல் 'மூலதனம்' முதற்பாகத்தில் விளக்கிய மாற்றம், உட்துறைமுக வீதிக்கு அண்மையில், ஒரு சிறிய அறையில், எட்டுச் செக்கன் வித்தியாசத்தில் நிகழ்ந்து முடிந்திருந்தது. உக்கிய தாள்கள் சில கிழிந்தன. பல பக்கங்கள் கோணலாகவும், சில விரல்களோடும் பதிவாகின. பழி அவர்மீதே விழுந்தது.

கிழிந்த தாள்களைக் காட்டியே நான் வாதிட்டேன். உழைப்பைப் பற்றிப் பேசியிருந்தால் செவிசாய்த்திருப்பார்களோ தெரியாது. இடைவெளி மீண்டும் 20 ஆயிற்று. நிறுத்தும் விசை எதுவென்பதை அதுவரை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை, நானுந்தான். அன்று அதனைக் காட்டிக்கொடுத்தேன். மறுநாள் அவ்விசையின்மீது ஒரு சிவப்புப் பொட்டை அவர் ஒட்டிவைத்திருந்தார்.