தாத்தா வாங்கிய மெடல் ரெக்கார்டில் இல்லையா? இறந்த ராணுவ வீரரின் பணிப்பதிவைத் திருத்த என்ன வழி?

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தாத்தா பட்டாளத்துக்காரர். 1965-லும் 1971-லும் எல்லையில் இருந்தவர், இறந்து பத்து வருஷம் ஆகிறது. பொங்கலுக்கு ஊருக்கு வந்த பேரன் பரணில் இருந்த ட்ரங்குப் பெட்டியை இறக்குகிறார். உள்ளே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ, பாதி கிழிந்த டிஸ்சார்ஜ் புக். போட்டோவில் தாத்தாவின் மார்பில் நான்கு ரிப்பன்கள். டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் என்ற இடத்தில் எழுதியிருப்பதோ இரண்டு.

மீதி இரண்டு எங்கே போச்சு?

கேள்வி கற்பனையாகத் தோன்றலாம். ஆனால் வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் பகுதிகளில் இப்படிப்பட்ட பெட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பட்டப்பெயர். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்திருப்பார். அவர்களில் பலர் மெடலைப் பற்றி வாய் திறக்காமலே போய்விட்டார்கள். “இனிமே கேட்டு என்னத்துக்கு?” என்பதுதான் வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் பதில். கேட்கலாம். எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

23 வருடம் கழித்து வந்த மகாவீர் சக்ரா

இந்தியாவில் இதற்கு மிகப் பெரிய உதாரணம் ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாடா போபய்யா தேவய்யா. குடகுக்காரர். 2025 ஜனவரியில் வந்த ‘ஸ்கை ஃபோர்ஸ்’ இந்திப் படம் இவர் கதையைத் தழுவியதுதான்.

1965 செப்டம்பர் 7. பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்தைத் தாக்க, விமானப்படையின் ஒன்றாவது ஸ்குவாட்ரனின் மிஸ்டியர் விமானங்கள் ஆதம்பூரிலிருந்து கிளம்பின. விங் கமாண்டர் ஓ.பி. தனேஜா தலைமை. தேவய்யா அன்று மாற்று ஆள் மட்டுமே, யாராவது விலகினால்தான் அவருக்கு வாய்ப்பு. அவரும் போனார். திரும்பி வரவில்லை. ரெக்கார்டில் ‘காணவில்லை’ என்று எழுதப்பட்டது. அங்கே என்ன நடந்தது என்று இந்தியத் தரப்பில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் பார்த்தவர்கள் யாருமில்லை.

தெரிந்தது எதிரித் தரப்புக்கு. ஜான் ஃப்ரிக்கர் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர், பாகிஸ்தான் தரப்பு ஆவணங்களைப் பார்த்து அந்த வான்போர் பற்றி எழுதிய புத்தகம் 1979-ல் வெளிவந்தது. தன்னை அடித்த ஸ்டார்ஃபைட்டரை ஒரு மிஸ்டியர் விமானம் திரும்பி வந்து எதிர்த்து வீழ்த்தியது என்று அதில் இருந்தது. ஸ்டார்ஃபைட்டர் ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பறப்பது, மிஸ்டியர் அதன் பக்கத்தில் கூட வர முடியாத பழைய ரகம். பாகிஸ்தான் விமானி பாராசூட்டில் தப்பினார். அந்த மிஸ்டியரை ஓட்டியவர் தேவய்யாவாகத்தான் இருக்க முடியும் என்பது பிறகுதான் புரிந்தது. தனேஜா விமானப்படைத் தலைமையகத்துக்கு எழுதினார். 1988-ல் தேவய்யாவுக்கு மகாவீர் சக்ரா அறிவிக்கப்பட்டு, அவர் மனைவியிடம் வழங்கப்பட்டது. 23 வருடம்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது படத்தில் வரும் சண்டைக் காட்சி இல்லை. இரண்டு விஷயங்கள்: வெளியிலிருந்து வந்த ஒரு எழுத்துச் சான்று, அதைப் படையிலேயே மேலதிகாரியாக இருந்த ஒருவர் கையில் எடுத்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ‘காணவில்லை’ என்ற வார்த்தை அப்படியே இருந்திருக்கும்.

ரெக்கார்டு எல்லாத் திசையிலும் தவறும். 1999-ல் டைகர் ஹில் தாக்குதலுக்காக 18-வது கிரெனேடியர்ஸ் படையின் யோகேந்திர சிங் யாதவுக்குப் பரம்வீர் சக்ரா அறிவித்தபோது, ‘மறைவுக்குப் பின்’ என்று சேர்த்தே அறிவித்தார்கள். அவரோ மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தார். இறந்தது அதே பெயருள்ள இன்னொரு வீரர்.

எந்த மெடல், யார் கொடுப்பது?

இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் குழம்பிவிடுகின்றன. மெடல்கள் இரண்டு வகை.

ஒன்று வீரப் பதக்கம். பரம்வீர், மகாவீர், வீர் சக்ரா, அமைதிக் காலத்தில் அசோக், கீர்த்தி, சௌர்ய சக்ரா, அப்புறம் சேனா மெடல். இவற்றுக்கு மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும், பல கட்டம் தாண்ட வேண்டும். “எங்க தாத்தா நல்லா சண்டை போட்டார், கொடுங்க” என்று குடும்பம் மனு போட்டு வாங்க முடியாது. தேவய்யா விதிவிலக்கு. ஆனால் ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட பதக்கம் பென்ஷன் ஆர்டரில் விட்டுப்போயிருந்தால், அது வேறு கதை. அதைக் கட்டாயம் கேட்கலாம், கேட்க வேண்டும். ஏனென்றால் இதில் பணம் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் முதல் மாதாந்திரப் படி பரம்வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், மகாவீருக்கு 10,000, வீர் சக்ராவுக்கு 7,000, வீரத்துக்கான சேனா மெடலுக்கு 2,000. வீரர் இறந்த பிறகு மனைவிக்கும் இது தொடரும். மலையில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு மாதம் 2,000 என்பது சின்னத் தொகை இல்லை.

இரண்டாவது வகை, பணி மற்றும் போர்க்களப் பதக்கங்கள். 1965 போருக்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 1971-க்கு கிழக்கில் பூர்வி ஸ்டார், மேற்கில் பஸ்சிமி ஸ்டார், பரவலாக சங்ராம் மெடல். 9 வருடம், 20 வருடம் பணி முடித்ததற்கு மெடல், 1972-ல் சுதந்திர தின வெள்ளி விழா மெடல். இதற்கெல்லாம் பரிந்துரை தேவையில்லை. இந்தத் தேதியில், இந்த இடத்தில், இத்தனை நாள் இருந்தாரா? இருந்தார் என்றால் உரிமை உண்டு. சலுகை கேட்பதாக நினைக்கத் தேவையில்லை, கணக்கைச் சரிபார்க்கச் சொல்கிறீர்கள்.

இவை விட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் சதியெல்லாம் கிடையாது. போர்ப் பதக்கங்கள் போர் முடிந்து ஓரிரு வருடம் கழித்தே உருவாக்கப்படும். அதற்குள் ஆள் வேறு யூனிட்டுக்கு மாறியிருப்பார், அல்லது டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்திருப்பார். ‘பார்ட் டூ ஆர்டர்’ என்று ஒன்று உண்டு. கல்யாணம், குழந்தை, மெடல் என ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் எது நடந்தாலும் அதில் வெளியாகி, பிறகே அவருடைய ‘ஷீட் ரோல்’ என்ற பணிப்பதிவில் ஏறும். ஒரு கிளார்க் ஒரு வரியை விட்டால் போதும். அப்புறம் பதக்கம் அச்சடிப்பதே தாமதம். மெடல் கைக்கு வராததால் கடையில் மாதிரி மெடல் வாங்கி அணிந்த வீரர்கள் ஏராளம். அதனால் பெட்டியில் மெடல் இருப்பது மட்டுமே சான்று ஆகாது, இல்லாமல் போனதும் சான்று ஆகாது. ரெக்கார்டுதான் பேசும்.

எங்கே எழுதுவது?

டெல்லிக்கு இல்லை. ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும் தனி ரெக்கார்டு ஆபீஸ் உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று ஊரில் சொல்லும் எம்.இ.ஜி. என்றால் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்கு செகந்திராபாத். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க்.

கடிதத்தில் மிக முக்கியமானது ஆர்மி நம்பர். பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், பழைய மணியார்டர் ரசீது, எதிலாவது அந்த எண் இருக்கும். கூடவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மனு போடுபவரின் அடையாள அட்டை. “மெடல் தாருங்கள்” என்று ஆரம்பிக்காமல், “ஷீட் ரோலில் பதிவாகியுள்ள பதக்கங்களின் விவரம் தாருங்கள்” என்று முதலில் கேட்பது நல்லது. பதிவில் இருந்து டிஸ்சார்ஜ் புக்கில் மட்டும் இல்லையென்றால் வேலை சுலபம். பதிவிலேயே இல்லையென்றால், அவர் எந்த யூனிட்டில் எந்தத் தேதியில் எங்கே இருந்தார் என்பதைக் கேட்டு, பதக்கத்தின் தகுதி விதியோடு ஒப்பிட்டு இரண்டாவது மனு போட வேண்டும்.

ஜவ்வாது மலைக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். மலை ஒன்று, மாவட்டம் மூன்று. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில், புதூர்நாடும் காவலூரும் திருப்பத்தூரில், பீஞ்சமந்தை வேலூரில். தாத்தாவின் புக்கில் இதில் எதுவும் இருக்காது, ‘வட ஆற்காடு’ என்றுதான் இருக்கும். அந்த மாவட்டம் 1989-ல் பிரிந்தது, திருப்பத்தூர் 2019-ல் தனியானது. அதனால் முகவரி பொருந்தவில்லை என்று மனு திரும்பி வரலாம். இதோடு பெயர்ப் பிரச்சினை வேறு. பட்டாளத்தில் ‘குப்புஸ்வாமி’, ஆதாரில் ‘குப்புசாமி’. பாட்டிக்கு வீட்டில் ஒரு பெயர், ரெக்கார்டில் ஒரு பெயர், பிறந்த தேதி எதிலும் இல்லை. மெடலுக்கு முன்னால் இதைச் சரிசெய்வதே புத்திசாலித்தனம். குடும்ப பென்ஷனுக்கும் இதுதான் ஆதாரம், ஸ்பர்ஷ் தளத்தில் பெயர் பொருந்தாவிட்டால் அங்கேயும் தலைவலி.

இந்த இடத்தில்தான் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும். கட்டணம் கிடையாது. ரெக்கார்டு ஆபீஸ்களுக்கு எப்படி எழுதுவது என்பது அங்கே தெரியும், அவர்கள் வழியாகப் போகும் கடிதத்துக்குப் பதில் வரும் வாய்ப்பும் அதிகம். மலையிலிருந்து போளூர் இறங்கி திருவண்ணாமலை போவதற்கே ஒரு நாள் ஆகிவிடும் என்பதால், எல்லாக் காகிதத்தையும் ஒரே தடவையில் எடுத்துப் போவது நல்லது.

“ரெக்கார்டு அழிஞ்சு போச்சு” என்றால்?

இந்தப் பதில் வர வாய்ப்பு உண்டு, அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் பணி ஆவணங்களை 25 வருடம் கழித்து அழிக்க ராணுவ விதியே அனுமதிக்கிறது. அப்போதும் ‘லாங் ரோல்’ என்ற நிரந்தரப் பதிவேட்டில் சுருக்கமான குறிப்பு இருக்கும். அதன் நகலைக் கேளுங்கள். பதிலே வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு, 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். உறவுக்கான சான்றை இணைக்காவிட்டால் ‘மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல்’ என்று மறுத்துவிடுவார்கள். எல்லாம் முடிந்தும் மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. மறுப்பு வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்துக்குக் காரணம் சொல்லலாம், ஏற்பது அவர்கள் கையில்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973-ல் பிடித்த தீயில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வீரர்களின் பதிவுகள் போயின. முதல் உலகப் போரில் 21 காயங்களோடு சண்டை போட்ட கறுப்பின வீரர் ஹென்றி ஜான்சனின் டிஸ்சார்ஜ் தாளில் காயம் என்ற பேச்சே இல்லை. 1929-ல் அவர் வறுமையில் இறந்தார். காயம்பட்டதற்கான பர்ப்பிள் ஹார்ட் 1996-ல் வந்தது, மெடல் ஆஃப் ஹானர் 2015-ல்.

ஜவ்வாது மலையடிவாரத்தில், செங்கம் வட்டாரத்தில் இதைவிடப் பழைய பணிப்பதிவுகள் நிற்கின்றன. பல்லவர் கால நடுகற்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்த மாடுபிடிச் சண்டையில் இறந்தான் என்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். எடுத்தனூர் கல்லில் கோவிவன் என்ற நாய்க்கும் வரி உண்டு, இரண்டு திருடர்களைக் கடித்ததற்காக. மகேந்திரவர்மன் காலத்து நாயின் சர்வீஸ் ரெக்கார்டு பத்திரமாக இருக்கிறது.

கடைசியாக, மெடல் தபாலில் வந்தால் முதலில் அதன் விளிம்பைப் பாருங்கள். ஆர்மி நம்பர், பதவி, பெயர் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். டிஸ்சார்ஜ் புக்கோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, தப்பு இருந்தால் போட்டோ எடுத்து ரெக்கார்டு ஆபீஸுக்கு உடனே எழுதிவிடுங்கள். பழைய கடித நகலை மட்டும் தூக்கிப் போடாதீர்கள், அந்தக் கோப்பு எண் திரும்பவும் தேவைப்படும்.