அட்லாண்டிக் கடந்த அன்னபூரணி

கடற்காற்று எட்டாத திருவண்ணாமலையில் வாழும் நமக்கு, சொந்தப் பாய்க்கலத்தில் தீவு தீவாய்ச் சுற்றிவருதல் மேனாட்டுச் செல்வர்தம் பொழுதுபோக்காகவே தோன்றும். அப்பொழுதுபோக்கின் வரலாற்றில் தமிழர் கைத்திறனுக்கும் ஓர் இடம் உண்டு.

அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் 1928ஆம் ஆண்டு 'ஸ்வாப்' என்னும் 32 அடி நீளப் பாய்ப்படகில் புறப்பட்டு, தகித்தி முதலிய பசிபிக் தீவுகளைக் கண்டு, உலகை வலம்வந்து 1931இல் தாயகம் மீண்டார். இத்தகைய பயணத்தின் வழியை வகுப்பது பயணியின் விருப்பமன்று, காற்றே. வெப்பமண்டலப் பசிபிக்கில் வியாபாரக் காற்றுகள் கிழக்கிலிருந்து வீசுகின்றன. ஆதலின் கலங்கள் பெரும்பாலும் மேற்கு நோக்கியே செல்லும். நம் கடல்களிலோ காற்று பருவந்தோறும் திசை மாறும். வடகிழக்குப் பருவக்காற்றில் மேற்கே சென்ற கலம், தென்மேற்குப் பருவக்காற்றின் சீற்றம் தணியும் வேளை நோக்கி மீளும்.

இவ்வறிவு நம்மவர்க்குப் புதிதன்று. காற்றை ஆண்டு கலம் செலுத்திய சோழர் முன்னோரை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் பாடியுள்ளார். காயல்பட்டினம், கீழக்கரை மரக்காயர்கள் இக்காற்றுகளை நம்பியே கடல்வாணிகம் நடத்தினர்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையும் கலம் கட்டுவோரும் செலுத்துவோரும் நிறைந்த ஊரே. அங்கு 1930இல் உருவான 'அன்னபூரணி அம்மாள்' என்னும் இருபாய்மரக் கப்பலை ராபின்சன் பின்னர் விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' எனப் பெயரிட்டார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் வழியே செலுத்தி, அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டு 1ஆம் நாள் மாசசூசெட்சு மாநிலத்துக் குளோசெஸ்டர் துறையில் சேர்த்தனர். உடைமையும் பெயரும் பிறருடையன. கட்டிய கையும் செலுத்திய கையும் தமிழருடையன.

அக்கைகளின் அறிவு பெரிதும் ஏடு ஏறாதது, சொற்களில் வாழ்வது. அணியம், பருமல், ஆஞ்சான் என்பன அத்தகைய கலைச்சொற்கள். சுக்கான், மாலுமி ஆகியவை அரபு வழி வந்தவை. பல இனத்தார் ஒரே கடலில் கலந்து பழகியதற்கு அவையே சான்று. பாய் சுருட்டிப் பொறி பூட்டியபின், இச்சொற்களை அறிந்த முதியோர் அருகி வருகின்றனர். கடற்கரை ஊர்களில் உறவினரை உடைய மாணவர்கள் விடுமுறைக்குச் செல்லும்போது, ஒரு குறிப்பேட்டையும் உடன்கொண்டு சென்று அம்முதியோரிடம் கேட்டு எழுதிவருவார்களாயின், அது தமிழுக்குச் செய்யும் நற்பணியாகும்.