குன்றில் அமைந்த பள்ளிகள்

'பள்ளி' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். படுக்கை என்பதும் துறவியர் உறைவிடம் என்பதும் அச்சொல்லின் பழம்பொருள்கள். இவ்விரு பொருளும் ஒருங்கே விளங்கும் இடங்கள் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் பல உள. பழங்காநத்தத்தில் வாழும் எங்களுக்கு அவை தொலைவும் அல்ல.

சமண முனிவர் ஓரிடத்தில் நிலைத்திராமல் நடந்து திரியும் நோன்பினர். மழைக்காலத்தில் மட்டும், சிற்றுயிர்கள் காலில் மிதிபடாவண்ணம், ஓரிடத்தில் தங்குவர். அதற்கென இயற்கைக் குகைகளைச் செப்பனிட்டு, தரையில் வழவழப்பான கற்படுக்கைகளை வெட்டுவித்தனர் அன்பர்கள். மாங்குளத்துக் கல்வெட்டு ஒன்று நெடுஞ்செழியனின் பணியாளன் பள்ளி அமைத்ததைக் கூறுகிறது. அங்குள்ள கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சூவல் கண்டறிந்தார். இவ்வகை எழுத்துகளின் மொழி தமிழே என்று 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார்.

சென்ற தைத் திங்களில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் ஆகியோருடன் கொங்கர் புளியங்குளத்துக் குன்றுக்குச் சென்றேன். அங்கே ஐம்பதுக்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ளன. "கதவே இல்லையே, மழை உள்ளே வராதா தாத்தா?" என்று பேத்தி வினவினாள். பாறையின் நெற்றியில் வெட்டிய காடியை அவளுக்குக் காட்டினேன். பாத்திரத்தை மெல்லச் சாய்த்தால் நீர் அதன் அடிப்புறத்தைப் பற்றியே வழிவதை அடுக்களையில் காண்கிறோம் அன்றோ? மழைநீரும் அவ்வாறே பாறையைப் பற்றி உள்ளே ஊர்ந்து வரும். காடியின் விளிம்பை அடைந்ததும் பற்றுக்கோடு இழந்து வெளியே சொட்டிவிடும். கதவில்லா வீட்டைக் காத்தது அந்தச் சிறு பள்ளமே.

பின்னர்க் கீழக்குயில்குடியை அடைந்து, சமணர் மலையின் செட்டிப்பொடவுக்கு ஏறினோம். பொடவு என்பது குகை. அங்குள்ள பெரிய தீர்த்தங்கரர் திருமேனியின் கீழ் வட்டெழுத்தில் ஆசிரியர்களின் பெயர்களும் அவர்தம் மாணாக்கர் பெயர்களும் வரிசையாக நிற்கின்றன. 'மாணாக்கர்' என்ற சொல்லைக் கல்லில் காண்பது எத்தகைய ஆசிரியனுக்கும் உவகை தரும்.

வருத்தம் தந்தது மற்றொன்று. முனிவர் துயின்ற கல்லின்மேல் இக்காலத்தார் சிலர் தம் பெயர்களைக் கூரிய கருவியால் கீறியுள்ளனர். தானம் செய்தவன் பெயரைக் கல் தாங்குவது முறை. பார்க்க வந்தவன் பெயரைத் தாங்க அதற்கு என்ன கடன்?

மலை நிலைத்தால்தான் எழுத்தும் நிலைக்கும். இத்தகைய குகையும் கல்வெட்டும் உடைய அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கென 2024-இல் நடந்த ஏலம், மக்கள் எதிர்த்து நின்றமையால் 2025 சனவரியில் நீக்கப்பட்டது. ஊரார் விழித்திருந்தால் குன்று பிழைக்கும் என்பதற்கு இது சான்று. ஆகவே பெற்றோர் தம் மக்களை ஒருமுறையேனும் இக்குன்றுகளுக்கு அழைத்துச் செல்க; கல்லைத் தொடாமல் எழுத்தைக் காணும் பழக்கத்தை அங்கேயே கற்பிக்க.