வட்டமாக உட்கார்ந்தவர்கள்

1969 செப்டம்பர். பாஸ்டன் நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சாரா ஹேலி என்ற சமூகப் பணியாளருக்கு அன்றுதான் முதல் நாள் வேலை. வியட்நாமிலிருந்து திரும்பிய ஒருவர் எதிரே உட்கார்ந்து பதறிப் பதறிப் பேசினார். மை லாய் என்ற ஊரில் தன் படைப்பிரிவினர் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுத் தள்ளினார்கள், தான் சுடவில்லை, வெளியே சொன்னால் உன்னையும் தீர்த்துவிடுவோம் என்று கூட இருந்தவர்களே மிரட்டினார்கள், அவர்களில் ஒருவன் தன்னைத் தேடி வருவான் என்ற பயம் பிடித்து ஆட்டுகிறது. பிறகு நடந்த கலந்தாய்வில் மருத்துவர்கள் வந்து சேர்ந்த முடிவு, மனச்சிதைவு. அவர் சொல்வது பிரமை மாதிரி தெரியவில்லையே என்று ஹேலி வாதாடினார். புதிதாக வந்த பெண்ணுக்கு மூத்தவர்கள் பாடம் எடுத்தார்கள். நவம்பரில் சீமோர் ஹெர்ஷ் எழுதிய செய்தி பத்திரிகைகளில் வந்தது. மை லாயில் நடந்தது உலகத்துக்கே தெரிந்துபோனது.

ஹேலியின் அப்பா இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவுப் பிரிவில் இருந்தவர். போர் மனிதனை என்ன செய்யும் என்பதை ஹேலி வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர். மற்றவர்கள் கையில் இருந்தது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1968இல் வெளியிட்ட நோய்க் கையேடு. அதன் முதல் பதிப்பில், 1952இல், கடும் நெருக்கடிக்கு ஆளானவர்களுக்கென ஒரு பிரிவு இருந்தது. இரண்டாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது, வாழ்க்கைச் சூழலுக்கு அனுசரித்துப் போக முடியாத கோளாறு என்ற பொதுத் தலைப்பு. அதற்குத் தந்த உதாரணங்களில் ஒன்று விரும்பாத கர்ப்பம். அடுத்தது, சண்டையில் நடுங்குவது, ஓடுவது, ஒளிந்துகொள்வது. சண்டை முடிந்து பல மாதம் கழித்து, வீட்டுக் கட்டிலில் அலறி எழுபவனுக்கு அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை.

அந்த இடத்தை அவர்களுக்குப் பிடித்துக் கொடுத்தது எந்த ஆய்வுக்கூடமும் இல்லை. 1970 டிசம்பரில், நியூயார்க்கில், போரை எதிர்த்த முன்னாள் வீரர்களின் சங்கத்தில் சிலர் வட்டமாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். அவர்கள் அழைத்ததால் ராபர்ட் ஜே லிஃப்டன், ஹைம் ஷாட்டன் என்ற இரண்டு மனநல மருத்துவர்களும் வந்து சேர்ந்தார்கள். கூட்டம் வீரர்களுடையது, நீங்கள் விருந்தாளிகள் என்பது முதலிலேயே தெளிவாகிவிட்டது. யாரும் யாருக்கும் நோயாளி இல்லை. ஒரு கூட்டம் மணிக்கணக்கில் நீளும். ஒருவர் சொன்ன கனவை இன்னொருவரும் கண்டிருந்தார். ஒருவர் தன்னைத் தானே மன்னிக்காத விஷயத்தில் மற்றவர்களும் அப்படியே இருந்தார்கள். தனக்கு மட்டும்தான் பைத்தியம் பிடிக்கிறது என்று தனித்தனியாக நம்பிக்கொண்டிருந்தவர்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரியாகப் பிடிப்பதைக் கண்டுகொண்டார்கள். மருத்துவத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு: நோய்க்குறித் தொகுப்பு. வழக்கமாக அதை மருத்துவர்கள் திரட்டுவார்கள். இங்கே நோயாளிகளே திரட்டிக் கொடுத்தார்கள்.

வியட்நாமில் மனநிலை பாதித்து வீழ்ந்தவர்கள் முந்தைய போர்களைவிட மிகக் குறைவு என்று ராணுவம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. கணக்கில் பொய் இல்லை, களத்தில் குறைவுதான். பெரும்பாலோருக்கு 12 மாதப் பணி. தேதியை எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். ஆனால் இரண்டாம் உலகப் போரில் வீடு திரும்பியவர்கள் கூட்டாளிகளோடு வாரக்கணக்கில் கப்பலில் வந்தார்கள். வியட்நாம்காரர் தனி ஆளாகப் போய், தனி ஆளாக விமானம் ஏறி, ஓரிரு நாளில் தன் ஊர் வீதியில் நின்றார். கப்பல் மேல்தளத்தில் தானாக நடந்திருக்கவேண்டிய பேச்சைத்தான் இவர்கள் நியூயார்க்கில் நாற்காலி போட்டு நடத்தினார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஷாட்டன் 1972இல் நியூயார்க் டைம்ஸில் இந்த வீரர்களின் மனநிலையைப் பற்றி எழுதினார். ஹேலி 1974இல், செய்யக்கூடாததைச் செய்துவிட்டு வந்து சொல்லும் நோயாளியின் முன் மருத்துவர் எப்படி உட்காரவேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பல ஆண்டு மல்லுக்கட்டுக்குப் பிறகு 1980இல் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பி.டி.எஸ்.டி. என்ற நோய் ஏறியது. பேரதிர்ச்சிக்குப் பின் நிலைத்துவிடும் மன உளைச்சல் அது. கெட்ட நினைவும் கனவும் வேண்டாமலே வந்து மோதுவது, நினைவூட்டும் எதையும் ஒதுக்குவது, மனம் மரத்துப்போவது, சிறு சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது: இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் அந்தப் பெயர். வியட்நாம் போன ஆண்களில் 15.2 சதவீதம் பேருக்கு அப்போதும் அந்த நோய் இருக்கிறது என்று அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டு நடந்த ஆய்வு 1988இல் சொன்னது. வாழ்நாளில் ஒருமுறையாவது வந்தவர்கள் 30.9 சதவீதம்.

வட்டத்துக்கு அரசாங்கமும் இடம் கொடுத்தது. 1979 சட்டத்தின்படி திறந்த ‘வெட் சென்டர்கள்’ என்ற முன்னாள் வீரர் மையங்கள் மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே, கடைத்தெருவில் இருந்தன. வெள்ளை அங்கி இல்லை. உள்ளே இருந்தவர்களில் பலர் போருக்குப் போய் வந்தவர்கள். இன்று அமெரிக்காவில் அவை சுமார் 300. படையில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களும் ஆண்களும்கூட அங்கே போகலாம்.

இங்கேதான் ஒரு குழப்பம் புகுந்தது என்று நினைக்கிறேன். பேச்சு நோயைக் கண்டுபிடித்தது; ஆகவே பேச்சே நோயைத் தீர்க்கும் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். மனம் விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்று நாமும் சொல்கிறோம். குறையும்தான். ஆனால் பி.டி.எஸ்.டி. பாரம் மட்டும் இல்லை, மூளை தவறாகக் கற்றுக்கொண்ட பாடமும்கூட.

ஆய்வகத்து எலிக்கு ஒரு ஓசையைக் கேட்கவைத்து, கூடவே லேசான மின்னதிர்ச்சி கொடுங்கள். சில தடவையில் ஓசை கேட்டாலே உறைந்து நிற்கும். பிறகு அதிர்ச்சி இல்லாமல் ஓசையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால் பயம் தணியும். பழைய பாடம் அழிந்துவிட்டதா? இல்லை. எலியை வேறு கூண்டுக்கு மாற்றினால் பயம் திரும்பிவிடும். அதாவது ‘இனி ஆபத்தில்லை’ என்பது பழையதன்மேல் எழுதிய புதுப்பாடம். கற்ற இடத்தோடு ஒட்டியே இருக்கும். பயத்தை எழுப்புவது அமிக்டலா, அதை அடக்குவது முன்நெற்றிப் புறணியின் உட்பகுதி, இது எந்த இடம், எந்தக் காலம் என்று சொல்லித்தருவது ஹிப்போகாம்பஸ். பி.டி.எஸ்.டி. உள்ளவர்களில் இந்த ஹிப்போகாம்பஸ் சிறுத்திருப்பது 1990களில் தெரியவந்தது. போர் அரித்துவிட்டது என்றார்கள். மார்க் கில்பர்ட்சன் குழு ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களைத் தேடிப் பிடித்தது. ஒருவர் வியட்நாம் போனவர், மற்றவர் போகாதவர். 2002இல் வந்த முடிவு: நோய் கடுமையாக இருந்தவரின் ஹிப்போகாம்பஸ் சிறிது; போர் பக்கமே போகாத அவர் உடன்பிறப்புக்கும் அதே அளவு சிறிது. சிறுத்த ஹிப்போகாம்பஸ் காயத்தின் தழும்பாக மட்டும் இல்லாமல், காயம் எளிதில் படக்கூடிய உடல்வாகாகவும் இருக்கலாம்.

பயந்ததை விலகாமல் எதிர்கொள்ளவைப்பதுதான் சிகிச்சை என்றால், எலிப் பாடத்துக்கு வெகு முன்பே அதன் வேரைத் தொட்டவர் ஒருவர் உண்டு. நமக்கு அவர் வேறு வழியிலும் தெரிந்தவர். 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களின் வம்சாவளிகளைக் கேட்டெழுதி, 1906இல் பெரிய நூலாக வெளியிட்ட டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ். முதல் உலகப் போரில் அவர் எடின்பரோவை ஒட்டிய க்ரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் அதிகாரிகளுக்கு வைத்தியம் பார்த்தார். கவிஞர் சிக்ஃப்ரீட் சசூன் அவரிடம்தான் இருந்தார். நடந்ததை மறந்துவிடு, வேறெதையாவது நினை என்பது அக்கால அறிவுரை. மறக்க முயல்வதுதான் நோயை வளர்க்கிறது என்றார் ரிவர்ஸ். ஓர் அதிகாரி, வெடியில் சிதறிக் கிடந்த நண்பனின் உடலைக் கண்டவர்; பகலெல்லாம் அதை விரட்டினார், இரவெல்லாம் அது வந்தது. அவ்வளவு சிதறியிருந்தால் நண்பன் ஒரு கணம்கூட வலியறியாமல் போயிருப்பான் அல்லவா என்று ரிவர்ஸ் கேட்டார். விலகி ஓடாமல் அந்த நினைவோடு இருக்க அதிகாரிக்கு ஒரு பிடி கிடைத்தது. பின்னர் வந்த கனவில் நண்பனோடு பேசவும் முடிந்தது. இன்னொருவரின் நினைவில் அப்படிப் பிடித்துக்கொள்ள எதுவுமே அகப்படவில்லை. அதையும் ரிவர்ஸ் மறைக்காமல் எழுதியிருக்கிறார். குணமாக்கி மறுபடி போர்முனைக்கு அனுப்புவதுதான் அவருக்கு இட்ட வேலை என்பது தனிக் கசப்பு.

இன்றைய முதல்வரிசைச் சிகிச்சைகளில் இரண்டு அந்த வழியில் வந்தவையே. எட்னா ஃபோவா வகுத்ததில், நடந்ததைக் கண்மூடி நிகழ்காலத்தில் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதை ஒலிப்பதிவு செய்து தினமும் வீட்டில் கேட்கவேண்டும். ஒதுக்கிவைத்த கூட்டமான கடை, உணவகம் போன்ற இடங்களுக்குப் படிப்படியாகப் போகவேண்டும். பட்ரீசியா ரெசிக் வகுத்ததில் 12 அமர்வு. ‘நான் சரியாகக் கவனித்திருந்தால் அவன் செத்திருக்கமாட்டான்’ என்பது போன்ற முடிவுகளை எழுதிவைத்து, வழக்கு விசாரிப்பதுபோல் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். மாத்திரைகளில் செர்ட்ராலின், பராக்செட்டின், வென்லாஃபாக்சின் ஓரளவு உதவும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் வாங்கிப் போடும் பென்சோடயசெபைன் வகை வேண்டாம் என்றே அமெரிக்க ராணுவ மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. கெட்ட கனவுக்குப் பெரிதாகப் பேசப்பட்ட பிராசோசின், 2018இல் 304 முன்னாள் வீரர்களிடம் நடந்த சோதனையில் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை.

சிகிச்சை எவ்வளவு பலிக்கிறது? 2015இல் வந்த ஒரு மதிப்பாய்வு, படைவீரர்களில் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ நல்ல முன்னேற்றம் என்றது. ஆனால் சிகிச்சை முடிந்தும் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோயின் பெயர் போகவில்லை. இதை ஆறுதலாகவும் படிக்கலாம், ஏமாற்றமாகவும் படிக்கலாம். இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை.

சரி, வட்டம்? அதையும் அளந்திருக்கிறார்கள். 360 வியட்நாம் வீரர்களைக் குழுக்களாகப் பிரித்து, சில குழுக்களில் அதிர்ச்சி நினைவைத் தோண்டிப் பேசவைத்தார்கள், சிலவற்றில் அன்றாடப் பிரச்சினைகளை மட்டும் பேசவைத்தார்கள். 2003இல் வந்த முடிவு: இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. 2017இல், பணியில் இருந்த 268 பேரிடம் ரெசிக் தன் சிகிச்சையையே குழுவாகவும் தனித்தனியாகவும் கொடுத்துப் பார்த்தார். தனியாகப் பெற்றவர்களே அதிகம் தேறினார்கள். அவரவர் நினைவை அவரவர்தான் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஆறேழு பேர் நடுவில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் சொற்பம். தவிர, வட்டத்துக்கு ஒரு சௌகரியமான வலையும் உண்டு. ‘அங்கே இருந்தவனுக்குத்தான் புரியும்’ என்ற சொல் உள்ளே வருபவனுக்குக் கதவைத் திறக்கிறது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தால் அதே சொல் மனைவி மக்களுக்குக் கதவைச் சாத்தவும் செய்யும்.

அப்படியானால் வட்டம் எதற்கு? சிகிச்சையின் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. ஃபோவா, ரெசிக் முறைகளை 916 முன்னாள் வீரர்களிடம் ஒப்பிட்ட 2022ஆம் ஆண்டு ஆய்வில், முதல் முறையில் 55.8 சதவீதம் பேரும் இரண்டாவதில் 46.6 சதவீதம் பேரும் பாதியில் நின்றுவிட்டார்கள். நோயின் குணமே ஒதுங்குவது. அதிலேயே நேராகக் கைவைக்கும் சிகிச்சையிலிருந்து ஆள் ஒதுங்குவதில் ஆச்சரியம் என்ன? இந்த இடத்தில் மருத்துவரின் பட்டத்துக்கு மதிப்புக் குறைவு. நான்காம் வாரம் எல்லாம் மோசமாவதுபோல் இருக்கும், எனக்கும் இருந்தது, ஏழாம் வாரம் தூங்கினேன் என்று சொல்ல அந்த வழியாக நடந்துபோனவர் வேண்டும். 2008 சட்டத்துக்குப் பிறகு, நோயிலிருந்து மீண்ட முன்னாள் வீரர்களை ‘பியர் ஸ்பெஷலிஸ்ட்’ என்று சம்பளம் கொடுத்தே மருத்துவமனைகளில் அமர்த்துகிறார்கள். 2012இல் ஒபாமா இன்னும் 800 பேரைச் சேர்க்க உத்தரவிட்டார். அவர்களால் நோய்க்குறி எவ்வளவு குறைகிறது என்று அளந்தால் பெரிதாக ஒன்றும் காட்டமுடியாது. வாசலுக்கு வந்தவரை உள்ளே கொண்டுசேர்ப்பதும், போனவரைத் திரும்பக் கூப்பிடுவதும் அந்த அளவுகோலில் ஏறாத வேலைகள்.

சவுத் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சில ஆய்வாளர்கள் சிகிச்சையையும் இந்தத் துணையையும் இணைத்துப் பார்த்தார்கள். ஃபோவா முறையைப் பாதியில் விட்டவர்களைக் கூப்பிட்டு, கடைக்குப் போகும் வீட்டுப்பாடத்துக்கு உங்களைப் போன்ற ஒரு முன்னாள் வீரரும் கூட வருவார், மறுபடி தொடங்குகிறீர்களா என்று கேட்டார்கள். ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. துணைக்கு ஆள் இருந்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று மூளை கணக்குப் போட்டுவிட்டால், எலி கூண்டு மாறிய கதைதான். அதனால் முதல் தடவை தோளோடு தோளாக வருபவர், போகப் போகக் கடைக்கு வெளியே நிற்கவேண்டும், பிறகு வராமலே இருக்கவேண்டும்.

வேறொரு பக்கம், சிகிச்சையையே சுருக்கப் பார்க்கிறார்கள். டெனிஸ் ஸ்லோன், பிரையன் மார்க்ஸ் இருவரும் உருவாக்கிய முறையில் மொத்தம் ஐந்து அமர்வுதான். ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் நடந்ததைக் கையால் எழுதவேண்டும், வீட்டுப்பாடம் கிடையாது. 126 பேரிடம், அவர்களில் முன்னாள் வீரர்களும் உண்டு, ரெசிக்கின் 12 அமர்வு முறையோடு ஒப்பிட்டபோது பலனில் இது பின்தங்கவில்லை. பாதியில் நின்றவர்கள் அங்கே 39.7 சதவீதம், இங்கே 6.4.