கரண்டியா, பால் தகரமா?

கடந்த விடுமுறையில் கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தானில் உள்ள பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா மகன் புதிதாக உலோகம் கண்டறியும் கருவி வாங்கியிருந்தான். கொல்லையில் அது கத்திய இடத்தைத் தோண்டினோம். விரல் நீளத்தில், நடுவில் வளைந்த தகரத் துண்டு ஒன்று கிடைத்தது. உடைந்த கரண்டி என்றான் அவன். கைப்பேசியில் படம் எடுத்துத் தேடினோம். அதுவும் கரண்டி என்றே காட்டியது.

பாட்டி வாங்கிப் பார்த்தார். "கரண்டியாம்! பால் மரத்துல அடிக்கிற தகரம்மா இது. வெட்டுன கோட்டுல இறங்குற பால் இது வழியாத்தான் மங்குல விழும்" என்றார்.

பழைய பொருளை அடையாளம் காணச் சில எளிய வழிகள் உண்டு. முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு. செம்பு, பித்தளை, அலுமினியம் ஒட்டாது. பச்சை படிந்திருந்தால் செம்போ பித்தளையோ வெண்கலமோ ஆகலாம். தேய்த்துக் கழுவாதீர்கள், எழுத்து அழிந்துவிடும். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து வையுங்கள்.

சதுரமான ஒரு காசு நாணயம் கிடைத்தால் எழுத்தைப் படியுங்கள். நீரிணைக் குடியேற்றங்களின் பெயர் இருந்தால் 1919க்கும் 1926க்கும் இடைப்பட்டது. மலாயா என்று மட்டும் இருந்தால் 1939 முதல் 1945 வரையிலானது.

எழுத்தின் அருமைக்கு நியூசிலாந்தே சாட்சி. அங்கே மவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய வெண்கலப் பாத்திரம், உண்மையில் தமிழ் எழுத்து பொறித்த கப்பல் மணியின் உடைந்த பகுதி. இன்று அது வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எச்சரிக்கையும் தேவை. தோட்ட நிலத்தில் உரிமையாளரின் அனுமதியின்றித் தோண்டக்கூடாது. மரபுச் சிறப்புள்ளதாகத் தோன்றும் பொருள் கிடைத்தால், 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரியிடமாவது தெரிவிக்க வேண்டும். குண்டு போல் தெரிந்தால் தொடாமல் விலகி, 999க்கு அழையுங்கள்.

அன்று மாலை பாட்டி அலமாரிக்கு அடியிலிருந்து தம் பால்வெட்டுக் கத்தியை எடுத்துக் காட்டினார். பிடி தேய்ந்து, அவர் விரல்களுக்கு மட்டுமே பொருந்தும்படி இருந்தது. காண்டா வாளி எங்கே என்று கேட்டேன். "பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டாச்சும்மா. யாரும் கேக்கலயே" என்றார்.

பால் மரங்கள் இருந்த இடங்களில் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும். மண்ணுக்குள் இருப்பதைக் கருவி காட்டிவிடும். அதன் பெயரைச் சொல்ல நம் பாட்டிமார்தான் வேண்டும். இந்த வாரமே கேளுங்கள்; எழுதி வையுங்கள்.