கதவில் ஒட்டிய தாள்

2019 மார்ச் 19, செவ்வாய்க்கிழமை. நார்வேயின் ஆஸ்லோ நகரில், நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனத் தலைமையகத்துக்குக் காலையில் வேலைக்கு வந்தவர்கள் கதவில் ஒரு தாள் ஒட்டியிருப்பதைக் கண்டார்கள். நிறுவனம் இணையத் தாக்குதலில் சிக்கியிருக்கிறது, எந்தக் கருவியையும் நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள் என்பது அதன் சாரம். அப்போது 40 நாடுகளில் சுமார் 35,000 பேர் வேலை செய்த அலுமினிய நிறுவனம், சொந்த ஊழியர்களுக்குச் செய்தி சொல்ல செலோடேப்பைத் தேட வேண்டியிருந்தது.

மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாமே? பலரும் அலுவலகக் கணினியைத் திறந்தால்தானே அதைப் படிக்க முடியும்! திறக்கவே கூடாது என்பதுதான் செய்தி.

தாக்கியவர்கள் மாதக்கணக்கில் முன்பே உள்ளே வந்திருந்தார்கள். நம்பகமான வாடிக்கையாளரிடமிருந்து வந்த மின்னஞ்சலின் இணைப்பு ஒன்றை ஓர் ஊழியர் திறந்ததில் வழி கிடைத்திருந்தது. பெரிய நிறுவனங்களில் யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்பதை ‘ஆக்டிவ் டைரக்டரி’ என்ற மைய ஏற்பாடு தீர்மானிக்கிறது. அதன் நிர்வாகி உரிமை கைமாறினால், வீட்டுச் சாவிக்கொத்தே திருடன் கைக்குப் போன மாதிரிதான். எல்லாக் கணினிகளையும் ஓரிடத்திலிருந்து பராமரிக்க இருந்த வசதி, ‘லாக்கர்கோகா’ என்ற பணயநிரலைப் பரப்பவும் உதவியது. அது கோப்புகளைப் பூட்டும். அதன் சில வடிவங்கள் பாஸ்வேர்டை மாற்றி, நெட்வொர்க் இணைப்பையும் துண்டிக்கும். பணம் கேட்டு எழுதிவைத்த குறிப்பையே பாதிக்கப்பட்டவர் படிக்க முடியாமல் போன கதையும் உண்டு. திருடர்களுக்கும் அதிபுத்தி கூடாதுபோலும்.

அலுமினியத் தொழிலில் செய்தி தாமதமாவது ஆபத்து. உருக்காலையின் மின்பகுப்புத் தொட்டிகளில் சுமார் 960 டிகிரி செல்சியஸில் உலோகம் பிரிகிறது. சில மணி நேரம் மின்சாரம் நின்றாலே உள்ளே இருப்பது இறுகிப்போய், தொட்டியை மீட்பது பெரும்பாடாகிவிடும். எனவே, ‘கணினியை விடு, கையால் இயக்கு’ என்ற ஒற்றை வரி ஷிப்ட்டில் நிற்பவருக்கு உடனே போய்ச் சேர்ந்தாக வேண்டும். யார் தாக்கினார்கள், எப்படி நுழைந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு அப்புறம் போதும். உருக்காலைகள் கைமுறைக்கு மாறி ஓடின. அதிகம் அடிபட்டது, அலுமினியத்தை அச்சு வழியே அழுத்திச் சட்டங்களாக வடிக்கும் பிரிவு. யாருக்கு என்ன செய்து தர வேண்டும் என்ற ஆர்டர் விவரமே கணினிக்குள் மாட்டிக்கொண்டது. காகித காலத்து வேலைமுறை தெரிந்த ஓய்வுபெற்றவர்கள் சிலர் உதவிக்குத் திரும்பி வந்தார்கள்.

மின்னஞ்சல் சேவை வெளியே, கிளவுடில் இருந்ததால் கைபேசி வழியாக அது பிழைத்தது. இணையதளம் முடங்க, நிறுவனம் தன் பேஸ்புக் பக்கத்தில் தகவல் சொன்னது. அப்போதைய நிதித் தலைவர் ஐவின்ட் கல்லேவிக் முதலானோர் செய்தியாளர்கள் முன் வந்து, தெரிந்ததைச் சொன்னார்கள். தெரியாததைத் தெரியவில்லை என்றார்கள். ஊருக்குச் சொன்னது ஊழியர் காதிலும் விழுந்தது. வழக்கறிஞருக்குப் பயந்து வாயடைத்துக்கொள்ளும் நிறுவனங்களைவிட இது கெட்டிக்காரத்தனம் என்றே நினைக்கிறேன். நிர்வாகம் பேசாவிட்டால் கேன்டீன் பேசும்.

2017 ஜூனில் ‘நாட்பெட்யா’ என்ற நாசநிரல் தாக்கியபோது கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கின் ஊழியர்களும் சொந்த ஜிமெயிலையும் வாட்ஸ்அப்பையும் கொண்டுதான் சமாளித்தார்கள். மேசைத் தொலைபேசிகளும் அதே நெட்வொர்க்கில் ஓடியதால் அவையும் ஊமையாகிவிட்டன. ஆனால் மாற்றுவழியிலும் ஒரு சிக்கல் உண்டு. புதிய எண்ணிலிருந்து ‘ஐ.டி. பிரிவிலிருந்து பேசுகிறேன், பாஸ்வேர்டு சொல்லுங்கள்’ என்று வருவது யாருடைய குரல்? குழப்பத்தில் எவரும் அப்படிக் கேட்கலாம். அதனால்தான் தினமும் பார்க்கும் மேற்பார்வையாளர் நேரில் வந்து சொல்வதற்குத் தனி மதிப்பு. அவசரகாலத் தொலைபேசி எண்களைத் தாளில் அச்சிட்டு வைக்கச் சொல்வதும் இதனால்தான். சர்வரில் வைத்த பட்டியல் சர்வரோடு பூட்டிக்கொள்ளும்.

ஹைட்ரோ பணம் கட்டவில்லை. காப்புப் பிரதிகளிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டது. முதல் வாரத்தில் மட்டும் 30 முதல் 35 கோடி குரோனர் நஷ்டம் என்று நிறுவனமே மதிப்பிட்டு வெளியிட்டது.